பழைய ராணுவ ரைஃபிள்கள்: விலை ஏறிய பிறகு எதைப் பார்த்துப் பணம் கொடுப்பது?

#1 ரவைக்கூடு

2010 வாக்கில் அமெரிக்காவில் ரஷ்ய ராணுவ ரைஃபிளான மோசின் நாகன் 91/30 ஒன்று நூறு டாலருக்குள் கிடைத்தது. இருபது ரைஃபிள் அடுக்கிய மரப்பெட்டியை அப்படியே எடுத்தவர்களும் உண்டு. இன்று ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த அதே ரைஃபிள், அதே பளபளப்பான மேற்பூச்சோடு, 300 டாலருக்குக் கீழே வந்தால் உடனே விற்றுப்போகிறது. யூகோஸ்லாவிய எஸ்.கே.எஸ்., சுவிஸ் கே31, ரஷ்யர்கள் கைப்பற்றிய ஜெர்மன் கே98கே எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000-ல் 100 டாலருக்கு இருந்த மதிப்பு 2024-ல் ஏறக்குறைய 180 டாலர். ஆகவே 100-க்கு வாங்கியது 180-க்குப் போனால் லாபமே இல்லை, பணவீக்கத்தை ஈடுகட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஏறியிருப்பதுதான் சேகரிப்பு மதிப்பு. அந்த மதிப்பு எல்லா ரைஃபிளுக்கும் ஒரே மாதிரி ஏறவில்லை. தொழிற்சாலையிலிருந்தோ ராணுவத்திலிருந்தோ வெளிவந்த நிலையிலேயே இருப்பவை ஒரு பக்கம் ஓடுகின்றன. வெட்டியவை, தேய்த்தவை, கலந்து பூட்டியவை பின்தங்கிவிட்டன.

எண்பது டாலருக்குத் தவறான ஒன்றை வாங்கினால் பெரிய இழப்பில்லை. எண்ணூறு கொடுக்கும்போது ஒவ்வொரு முத்திரையும் காசு. வாங்குவதற்கு முன் மேசையில் வைத்து எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள்.

#2 கல்வெட்டு

வரத்து ஏன் வற்றியது என்பதைத் தெரிந்துகொண்டால் எது இன்னும் ஏறும் என்பதும் ஓரளவு புரியும்.

1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ராணுவ உபரி ரைஃபிள்கள் அமெரிக்காவுக்குள் வருவதை நிறுத்தியது. 1984-ல் சட்டம் தளர்ந்து, 'கியூரியோ அண்ட் ரெலிக்' (சேகரிப்புக்குரிய பழையவை) வகையில் சேரும் ரைஃபிள்களுக்கு வழி பிறந்தது. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகள் திறந்துவிட்டன. நாம் பார்த்த மலிவு விலை அந்த வெள்ளத்தின் விலை.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அமெரிக்கா வெளிநாடுகளுக்குக் கொடுத்திருந்த ராணுவ ஆயுதங்களைத் தனியார் திரும்ப இறக்குமதி செய்வதை 2013 ஆகஸ்டில் ஒபாமா அரசு நிறுத்தியது. தென் கொரியாவில் கிடந்த எம்1 காரண்டு என்ற அமெரிக்க ரைஃபிள்களை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதியும் இல்லை. ரைஃபிள் விலையைத் தோட்டா விலையிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. 440 தோட்டா அடைத்த தகரப்பெட்டி மலிவாகக் கிடைத்த வரைக்கும்தான் மோசின் ஏழைகளின் ரைஃபிள்.

இன்னொன்று, பல நாடுகள் உபரியை விற்காமல் உருக்கிவிடுகின்றன. உருக்கியது திரும்பாது. உள்ளூரில் 1950, 60-களில் வேட்டைக்காக லட்சக்கணக்கான ரைஃபிள்களின் மரக்கட்டை வெட்டப்பட்டதும் அதே கணக்கில்தான் சேரும்.

#3 எண்வரிசை

எனக்கு எண்களில் தொடங்கினால்தான் நிம்மதி.

மோசினில் நான்கு இடம்: பேரலின் (குழலின்) அடிப்பகுதி, போல்ட் (தோட்டாவை அறைக்குள் பூட்டும் தாழ்), கட்டையின் பின்தகடு, மேகசினின் (தோட்டாக்கூட்டின்) அடித்தகடு. பேரல் எண்ணின் எழுத்துருவை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு மற்ற மூன்றையும் பாருங்கள். சோவியத் பழுதுபார்ப்புக் கிடங்குகளில் பாகங்களைக் கலந்து பூட்டிய பின், பேரலில் உள்ள எண்ணையே மற்றவற்றிலும் அடித்தார்கள். அப்படி அடித்த எண் வேறு அளவில், வேறு சாய்வில், வேறு ஆழத்தில் இருக்கும். பக்கத்தில் பழைய எண் அரைக்கப்பட்ட பள்ளமோ, கோடு போட்டு அடிக்கப்பட்ட பழைய எண்ணோ தெரியும். நான்கும் ஒன்றாக இருப்பதாலேயே 'ஒரிஜினல்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அது கிடங்குப் பொருத்தம், தொழிற்சாலைப் பொருத்தம் அல்ல. இரண்டுக்கும் விலை வேறு.

ரஷ்யர்கள் கைப்பற்றிய கே98கே-யில் இது இன்னும் வெளிப்படை. ரிசீவரில் (போல்ட் ஓடும் உலோக உடலில்) 'எக்ஸ்' முத்திரை இருக்கும். போல்டில் மின்பென்சிலால் கிறுக்கியது போன்ற எண் இருக்கும். பாகங்கள் மொத்தமாக முக்கி எடுத்த கருநீலத்திலும், கட்டை ஷெல்லாக் (அரக்கு) பூச்சிலும் இருக்கும். ரிசீவர் தலையில் உள்ள ஆலைக் குறியீட்டைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். 'பி.ஒய்.எஃப்.' (byf) என்றால் ஓபெர்ன்டோர்ஃப் மௌசர், 'பி.என்.இசட்.' (bnz) என்றால் ஷ்டைர், 'டி.ஓ.டி.' (dot) என்றால் பெர்னோ. குறியீடு எதுவானாலும் போல்ட் முதல் திருகு வரை ஒரே எண்ணோடு, கைப்பற்றியவர் கை படாமல் வந்த ரைஃபிள் பல மடங்கு விலை பேசும்.

இறக்குமதி முத்திரையைத் தேடும் இடம்: பேரல் வாயருகே, முன்சைட்டுக்குக் கீழே. 1968-க்குப் பிறகு இறக்குமதியானவற்றில் அது கட்டாயம். அது இல்லாத ரைஃபிள் பெரும்பாலும் அதற்கு முன் வந்தது, அல்லது போர் வீரர் கையோடு கொண்டுவந்தது. ஆகவே விலை கூடும். அதனால்தான் அதை அரைத்து மறைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் கருநீலம் புதிதாக, உலோகம் லேசாகக் குழிந்து இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

#4 துளைநோக்கி

எண் பொருந்தினாலும் குழல் செத்திருந்தால் அது சுவரில் மாட்டத்தான். என் வரிசை இது.

1. போல்டைக் கழற்றி, தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள்.
2. உலர்ந்த துணியை ஒருமுறை தள்ளி எடுங்கள். விற்பவர் பலர் குழலில் தடிமனாக எண்ணெய் விட்டுவைப்பார்கள். எண்ணெய் குழியை நிரப்பி, குழலைப் பளபளப்பாகக் காட்டிவிடும்.
3. அறைப்பக்கம் ஒளி வைத்து வாயிலிருந்து பாருங்கள், பிறகு மாற்றி வைத்துப் பாருங்கள். அறைக்கு முன்னால் உள்ள முதல் 5 செ.மீ. வரிகள் (குழலுக்குள் வெட்டிய சுழல் பள்ளங்கள்) மங்கியிருக்கிறதா என்பது முக்கியம். தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது.
4. வாயில் உள்ள வரிகளின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். கம்பி போட்டு வாய்ப்பக்கமாகவே சுத்தம் செய்த ரைஃபிள்களில் அது ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும்.
5. வாயிலிருந்து சில செ.மீ. உள்ளே ஒரு வட்டப் படி தெரிந்தால் அது எதிர்த்துளை இட்டது. தேய்ந்த வாயைக் கிடங்கில் துளைத்து, வரிகளை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சுடுவதற்குக் குறையில்லை. சேகரிப்பவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.
6. குழலின் உண்மையான விட்டம் வேண்டுமென்றால் மென்மையான சுத்த ஈயக் குண்டு ஒன்றை, குழலைவிடச் சற்றுப் பெரியதாக எடுத்து, எண்ணெய் தடவி, மரச் சுத்தியலால் வாயில் அடித்து இறக்கி, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி எடுங்கள். மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். மோசினில் 0.310 முதல் 0.314 அங்குலம் வரை சாதாரணம். 0.311 அங்குலக் குண்டு ஒரு குழலில் நேராகப் போய் இன்னொன்றில் சிதறுவதற்கு இந்த வித்தியாசமே காரணம்.

குழி விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பழைய தோட்டாவின் பிரைமர் (அடிபட்டதும் தீப்பற்றும் மருந்து). அதில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது உப்பாகக் குழலில் படியும். உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே சுட்ட அன்றே அறைப்பக்கம் புனல் வைத்து ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி, போல்ட் முகத்தையும் கழுவி, நான்கைந்து துணி விட்டு உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு துணி தள்ளிப் பாருங்கள். பழுப்பாக வந்தால் உப்பு மிச்சம் இருக்கிறது.

#5 நுண்ணளவு

துளைநோக்கி அண்ணே, ஆறாவது படியில் ஒரு திருத்தம். நீங்கள் சொன்ன முறை மோசினுக்குப் பொருந்தும், அதில் நான்கு வரி. பிரிட்டிஷ் ரைஃபிளான .303 லீ என்ஃபீல்டில் பெரும்பாலும் ஐந்து வரி. ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் பள்ளத்தையும் மேட்டையும் சேர்த்து அளந்து, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அன்வில், அதாவது குண்டைத் தாங்கும் முனை, 'வி' வடிவில் உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். அது இல்லாமல் ".303 குழல் இறுக்கமாக இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டு விலை கொடுத்து ஏமாந்துபோக வேண்டாம். போர்க்காலத்து நம்பர் 4 மாடல் என்ஃபீல்டுகளில் இரண்டே வரி உள்ளவையும் உண்டு, அவற்றுக்குச் சாதாரண அளவி போதும்.

ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் அறையில் தோட்டா தங்கி நிற்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்பர் 4-ல் போல்டின் தலை திருகிக் கழற்றக்கூடியது. 0, 1, 2, 3 என்று எண் இட்ட அளவுகளில் உண்டு, எண் கூடக் கூட நீளம் கூடும். பிரிட்டிஷ் ராணுவ ஆயுதப் பணியாளர்கள் 0.064 அங்குலக் கேஜ் (அளவுத்துண்டு) வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 வைத்தால் மூடக் கூடாது என்று பார்த்தார்கள். மேசையில் இருக்கும் ரைஃபிளில் 3-ம் எண் தலை இருந்தும் 0.074 கேஜில் மூடிக்கொண்டால் நீட்டுவதற்கு மேலே அளவு இல்லை, ரிசீவரோ போல்டோ தேய்ந்துவிட்டது. 0 அல்லது 1-ல் நின்றால் இன்னும் ஆயுள் இருக்கிறது. போல்டைத் திறந்து தலையின் பக்கவாட்டில் உள்ள ஒற்றை எண்ணைப் படிக்க அரை நிமிடம் போதும்.

மோசினில் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) நீட்சிக்குத் தனிக் கருவியே உண்டு. ரைஃபிளோடு வரும் திருப்புளியில் 75, 95 என்று இரண்டு வெட்டு இருக்கும். 75 வெட்டில் பின் முனை உரச வேண்டும், 95-ல் உரசக் கூடாது. அதிகம் நீண்டால் பிரைமரைத் துளைத்து வாயு கண்ணுக்கு வரும்.

#6 ஈசாப்பூர்

என்ஃபீல்டு பேச்சு வந்ததால் ஈஷாப்பூர் ரைஃபிள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மேற்கு வங்காளத்தில் செய்த இவற்றை நெடுநாள் யாரும் சீந்தவில்லை.

முதலில் பெயர்க் குழப்பம். .303 நம்பர் 1 மார்க் 3 ஸ்டார் வேறு, 1960-களில் 7.62 நேட்டோ தோட்டாவுக்காகவே செய்த 2ஏ, 2ஏ1 வேறு. பின்னவை .303-லிருந்து குடைந்து மாற்றியவை அல்ல, புதிதாகச் செய்தவை. இரண்டையும் பிரிக்க மேகசினைப் பாருங்கள், 2ஏ1-ல் அது சதுரமாக, 12 தோட்டா கொள்ளும். பின்சைட்டில் 2ஏ 2000 வரை, 2ஏ1 800 மீட்டர் வரை.

கவனிக்க வேண்டியவை: ஈஷாப்பூர் வழியாக வந்த பல ரைஃபிள்களில் முன்கட்டையைக் குறுக்கே துளைத்து ஒரு திருகு இருக்கும். கட்டை பிளக்காமல் இருக்க அங்கே போட்ட வலுவூட்டல் அது. யாரோ கெடுத்துவிட்டதாக நினைத்து விலை குறைக்க வேண்டாம். செம்புக் கம்பி சுற்றிய முன்கட்டை இருந்தால் அது கையெறி குண்டு எறியப் பயன்பட்டது. கம்பியைப் பிரித்து 'அழகாக்கி' விற்றால் மதிப்பு போய்விடும். 'டி.பி.' (DP) என்று ரிசீவரிலோ கட்டையிலோ அடித்திருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கியது. அதைச் சுடவே கூடாது, என்ன விலைக்குக் கொடுத்தாலும்.

நம்பர் 1-ஐப் பிரிக்கும்போது ஒரு விதி: பின்கட்டையைத் தொடுவதற்கு முன் முன்கட்டையைக் கழற்றியாக வேண்டும். பின்கட்டை போல்டின் சதுர முனை முன்கட்டையின் உள்ளே ஒரு தகட்டில் பொருந்தி உட்கார்ந்திருக்கும். முன்கட்டை இருக்கும்போதே அந்தப் பின்கட்டை போல்டைத் திருப்பினால் அந்தச் சதுரம் சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். விற்பனைக்கு வரும் நம்பர் 1-களில் ரிசீவருக்குப் பின்னால் முன்கட்டை வெடித்திருப்பதற்கு இது பெரிய காரணம். எண் பொருந்திய மாற்று முன்கட்டை கிடைக்கவே கிடைக்காது.

#7 ஆளிவிதை

மரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதிகப் பணம் வீணாவது உப்புத்தாளால்தான்.

கட்டையில் அடித்த பரிசோதனை முத்திரைகளின் ஆழம் மயிரிழை. ஒருமுறை தேய்த்தால் விளிம்பு போகும், இரண்டாம் முறை முத்திரையே போகும். பின்தகடும் கட்டையும் சேரும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அது தேய்க்கப்பட்ட கட்டை. தொழிற்சாலையில் மரம் உலோகத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோதான் இருந்தது.

காஸ்மோலின் (துருவைத் தடுக்கப் பூசிய கெட்டி மசகு) எடுக்க: உலோகத்துக்கு மினரல் ஸ்பிரிட்ஸ் கரைப்பான், கடினமில்லாத தூரிகை. மரத்தைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வையுங்கள், கசிவதைத் துணியால் துடைத்துத் துடைத்து மீண்டும் வையுங்கள். நாலைந்து நாள் ஆகும். அடுப்பு துடைக்கும் காரத் திரவம் வேண்டாம், மரத்தின் நாரை வெளுக்கவைத்து மேலே எழுப்பிவிடும். அறைக்குள் காய்ந்த காஸ்மோலின்தான் மோசினில் போல்ட் ஒட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம். 20 கேஜ் ஷாட்கன் தூரிகையைக் கரைப்பானில் நனைத்து அறையில் சுழற்றினால் சரியாகும்.

அமுங்கிய தழும்புக்கு ஈரத்துணி, அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி, சில வினாடி. ஆவி நாரை உப்பவைக்கும். வெட்டுக்கு இது பலிக்காது. ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

கே31 வைத்திருப்பவர்கள் பின்தகட்டின் இரண்டு திருகையும் கழற்றிப் பாருங்கள். சில ரைஃபிள்களில் உள்ளே மடித்த சிறு காகிதம் இருக்கும், அதை வைத்திருந்த சுவிஸ் படைவீரரின் பெயரும் படைப்பிரிவும் எழுதியிருக்கும். பழுப்பேறி, ஓரத்தில் எண்ணெய் ஊறி, திருகின் துரு வட்டமாகப் பதிந்திருக்கும். அதை வெளியே எடுத்துச் சட்டம் போடாமல் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே வைத்துவிடுங்கள். கட்டையின் கீழ்ப்பகுதி அடிபட்டுக் கறுத்திருப்பது கே31-க்கு இயல்பு, அதற்காகத் தேய்க்கவோ தள்ளவோ வேண்டாம்.

#8 எண்வரிசை

ஆளிவிதை மரத்தைப் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஏற்கெனவே வேட்டைக்காக முன்கட்டை வெட்டப்பட்ட நம்பர் 4-க்கு மாற்று மரம் போட்டு மீட்பது தவறில்லை. ஆனால் முதலில் ரிசீவரில் தொலைநோக்கிக்குத் துளை போட்டிருக்கிறதா, பேரல் குட்டையாக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டும் திரும்பாது. வெறும் மரம் மட்டும் வெட்டியிருந்தால் முன்கட்டை, கைக்காப்பு மரங்கள், வளையங்கள் என எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையோடு வெட்டிய ரைஃபிளின் விலை சேர்ந்தால் பெரும்பாலும் முழு ரைஃபிளின் விலையைத் தொட்டுவிடும். முன்பு பாகங்கள் மலிவு, இப்போது அவையும் ஏறிவிட்டன.

போலிகளைப் பற்றி: தொலைநோக்கி வைத்துக் குறிபார்க்கும் ஸ்னைப்பர் ரைஃபிள்களில்தான் பெரிய பணம், ஆகவே பெரிய ஏமாற்றும் அங்கேதான். எம்1டி காரண்டில் ரிசீவரில் எந்த மாற்றமும் இல்லை, பேரலில்தான் வேலை. பேரலில் D7312555 என்ற வரைபட எண்ணைத் தேடுங்கள். நம்பர் 4 (T)-யில் ரிசீவரின் இடப்பக்கம் 'T' மற்றும் 'TR' முத்திரைகள், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தில் மாற்றியவற்றின் கட்டைக்கு அடியில் 'எஸ்51', கட்டையின் கழுத்தில் அந்த ரைஃபிளுக்குரிய தொலைநோக்கியின் எண். மூன்றும் ஒரே வயதுடையதாகத் தெரிய வேண்டும். பி.யூ. தொலைநோக்கி பூட்டிய மோசினில் பேரலில் அடித்த தொலைநோக்கி எண் புதிதாக மின்னினால் நகருங்கள்.

#9 சந்தைக்காரி

வாங்கும் வழியையும் கணக்கையும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சேகரிப்பவருக்கென்று வகை 03 உரிமம் உண்டு. மூன்று ஆண்டுக்கு 30 டாலர். பொதுவாக 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் உள்ள துப்பாக்கி இதில் அடங்கும். இந்த எல்லை ஆண்டுதோறும் நகரும். வாங்கியதை அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதிவேட்டில் எழுத வேண்டும், விற்றதை ஏழு நாளுக்குள். வியாபாரம் செய்ய இந்த உரிமம் உதவாது, மாநிலச் சட்டமும் தனியாக இருக்கிறது. 1898-ம் ஆண்டோ அதற்கு முன்போ செய்த ரைஃபிள் கூட்டாட்சிச் சட்டத்தில் 'பழம்பொருள்', அதற்கு உரிமமே வேண்டாம். இதில் சுவாரசியமானது பின்லாந்து மாற்றிக்கட்டிய மோசினான எம்39. பேரல் 1940-களினது, ரிசீவர் ரஷ்யாவில் 1890-களில் செய்ததாக இருக்கலாம். கட்டையைக் கழற்றி ரிசீவர் வாலின் அடியில் உள்ள ஆண்டைப் படியுங்கள். 1898-ஐத் தாண்டாமல் இருந்தால் விலையில் அது தனியாகத் தெரியும்.

ஏலக் கணக்கு: சுத்தியல் விழுவது 900 டாலர் என்று வையுங்கள். வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்றால் 180. 1080-க்கு 8 சதவீத விற்பனை வரி 86. அனுப்பும் செலவு 60. மொத்தம் 1226. மறுநாள் அதே ஏலத்தில் விற்றால் உங்கள் கையில் 900-க்கும் குறைவாகவே வரும், ஏனெனில் விற்பவரிடமும் கழிப்பார்கள். முதலீடு என்று பேசுபவர்கள் இந்த 326 டாலரை முதலில் கழித்துவிட்டுப் பேசட்டும். விலை பார்க்கும்போது கேட்கும் விலையை விட்டுவிட்டு, முடிந்த ஏலங்களில் விற்ற விலையை மட்டும் எடுங்கள்.

#10 ரவைக்கூடு

நன்றி நண்பர்களே. ஒரு கேள்வி: எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டில், பேரலில் 1918-க்குப் பிந்தைய தேதி இருந்தால் பழைய வெப்பப் பதப்படுத்தல் சிக்கல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

#11 நுண்ணளவு

கூடாது. பேரல் பலமுறை மாற்றப்பட்டிருக்கும், சிக்கல் ரிசீவரில். ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியில் 800,000-க்குக் கீழ், ராக் ஐலண்டில் 285,507-க்குக் கீழ் உள்ள எண்கள் பழைய ஒற்றைப் பதப்படுத்தலில் வந்தவை. கொல்லர்கள் சூட்டைக் கண்ணால் மதிப்பிட்டார்கள், வெயில் நாளில் நிறம் மங்கித் தெரிந்து அதிகம் சூடேற்றிவிட்டார்கள். எஃகு கண்ணாடி போல் உடையும் தன்மை பெற்றது. எல்லா ரிசீவரும் அப்படியில்லை, ஆனால் எது அப்படி என்று உடைக்காமல் பிரித்தறிய வழியில்லை. ரிசீவர் எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். கீழ் எண் என்றால் சேகரிப்பாக மட்டும் விலை பேசுங்கள், சுடும் ரைஃபிளின் விலை கொடுக்காதீர்கள்.

#12 துளைநோக்கி

அதோடு ஜப்பானிய ராணுவ ரைஃபிளான அரிசாகாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைப் 38 போலத் தோன்றும் ஜப்பானியப் பயிற்சி ரைஃபிள்கள் சந்தையில் சுற்றுகின்றன. குழலில் வரியே இருக்காது, ரிசீவர் வார்ப்பு, வால்பகுதி ரிசீவரோடு ஒரே துண்டாக இருக்கும். வெற்றுத் தோட்டாவுக்கு மட்டும் செய்தவை, நிஜத் தோட்டா போட்டால் வெடித்துச் சிதறும். நிஜமான டைப் 99 என்றால் ரிசீவர் மேல் செவ்வந்திப்பூ முத்திரை அரைக்கப்படாமல் இருக்கிறதா, போல்ட் கைப்பிடி அடியில் உள்ள மூன்று எண் ரிசீவரின் கடைசி மூன்றோடு பொருந்துகிறதா, தூசி மூடியும் விமானத்தைக் குறிபார்க்கும் சைட்டின் இரு சிறகுகளும் இருக்கின்றனவா என்று இந்த வரிசையில் பாருங்கள். பூ இருந்து எண் பொருந்தாவிட்டால் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைக்காமல் தோட்டா போட வேண்டாம்.